ஊருணியா, தெருவிளக்கா: வாக்கெடுப்புக்கு முன் ஒரு வார்த்தை

ஊரைவிட்டு வெளியே இருக்கும் நம் ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

துபாய்த் தம்பி போட்ட கூகுள் படிவத்தைப் பார்த்தேன். ஊருணியைத் தூர்வாருவதா, தெருவிளக்குப் போடுவதா என்று நாமெல்லாம் வாக்களித்து, முடிவை ஊராட்சிக்கு அனுப்பலாம் என்கிறார். நல்ல மனசுதான். ஆனாலும் எனக்குச் சம்மதமில்லை.

முதலில் காசு. மத்திய அரசின் 15ஆவது நிதிக்குழு 2021-26க்கு ஊராட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிப்போட்ட பணம். மழைநீர் சேகரிப்பும் அதில் அடக்கம் என்பதால் ஊருணிக்கு அதில் கேட்க வழியிருந்தது. தெருவிளக்குக்கு மீதி 40 சதவீதத்தில்தான் கைவைக்க முடிந்தது. இரண்டுக்கும் பணம் வேறு வேறு மடியில் இருக்கும்போது நாம் ஏன் மோதவிட வேண்டும்?

அப்புறம், கிராமசபையில் கைதூக்க ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். நம்மில் பலருக்கு இல்லை. இணையத்துக்கு மாறினாலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை. ஸ்பெயினின் மாட்ரிட் நகராட்சி, மக்கள் யோசனை சொல்லி வாக்களிக்க 2015இல் ‘டெசிடே மாட்ரிட்’ என்ற இணையதளத்தைத் திறந்தது. அதில் வாக்களிக்க 16 வயதாகி, நகரக் குடியிருப்புப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் யோசனைகள் குவிந்தும், போதிய ஆதரவு பெற்று 2017 பிப்ரவரி வாக்கெடுப்புவரை வந்த மக்கள் யோசனைகள் இரண்டே இரண்டு.

நமக்கு வேறு வேலை இருக்கிறது. மத்திய அரசின் ‘இ-கிராம் ஸ்வராஜ்’ இணையதளத்தில் நம் ஊராட்சியின் ஆண்டுத் திட்டம், வேலைவாரியாக ஒதுக்கீடு, செலவு எல்லாவற்றையும் கடவுச்சொல் இல்லாமலே பார்க்கலாம். ஊரில் இருப்பவர்கள் அந்தப் பக்கம் போவதில்லை. ஆங்கிலத்தைக் கண்டதும் மூடிவிடுகிறார்கள். அதைத் தமிழில் ஒரே பக்கமாக எழுதி, அக்டோபர் 2 கிராமசபைக்கு இரண்டு வாரம் முன்பே ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுவோம். ஸ்மார்ட்போன் இல்லாத அத்தைமாருக்காக ரேஷன் கடையிலும் பால் சொசைட்டியிலும் அச்சடித்து ஒட்டச் சொல்லலாம்.

நம் ஊர் அளவுக்குக் கிராமசபைக் கூட்டம் செல்லுபடியாக 100 பேர் வர வேண்டும். அந்த எண்ணிக்கையை நிரப்புவது பெரும்பாலும் நூறுநாள் வேலைக்குப் போகும் பெண்கள்தான். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். போன வருடம் எந்தத் தெருவுக்கு எவ்வளவு என்று கையில் தாள் இருந்தால், கேள்வி அவர்களிடமிருந்துதான் வரும். தீர்மானம் எழுதி வாசித்த பிறகே கையெழுத்து என்று அவர்களே சொன்னால் இன்னும் நல்லது.

சிங்கப்பூரில் இருப்பவர்களில் கணக்கு தெரிந்த இரண்டு பேர் செலவுப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திட்டப் பக்கத்தை நான் தமிழில் எழுதித் தருகிறேன். தம்பி, அந்தப் படிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு கேள்வியை மட்டும் மாற்றிவிடுங்கள்: இந்த வேலைக்கு யார் யார் வருகிறீர்கள்?