கால் சுற்றுகிறது, வாட் பூஜ்யம்: மாலை ஏழேகாலுக்கு என்ன நடக்கிறது?

தண்டையார்பேட்டைக்காரன்:

எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு அலுத்துப்போய், ஆறு மாதங்களுக்கு முன் சைக்கிளை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன். இரண்டாம் மாடி முன்னறை. பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு டிரெய்னரில் (நின்ற இடத்திலேயே மிதிக்கவிட்டு, மிதிக்கும் சக்தியை வாட்டில் அளக்கும் கருவி) மாட்டிய சைக்கிள், எதிரே ஸ்டூலின் மேல் லேப்டாப், அதில் ஸ்விஃப்ட் என்ற இணைய சைக்கிள் விளையாட்டு. நான் மிதிப்பதற்கேற்ப திரையில் என் உருவம் மற்றவர்களோடு ஓட்டும். (பெயரைச் சொன்னதும் அம்மா, கார் வாங்கப் போகிறாயா என்றார்.)

துறைமுக வேலை முடிந்து வந்து 6.40க்கு ஏறுவேன், 7.40க்கு இறங்குவேன். ஒரே சீராக 170 வாட் பக்கத்தில் ஓட்டுவதுதான் வழக்கம். 7.15 வரை எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. அதன்பின் திரையில் என் ஆள் காலைத் தொங்கவிட்டு நின்றுவிடுகிறான். நானோ இங்கே வியர்வை சொட்ட மிதித்துக்கொண்டிருக்கிறேன்! மற்றவர்கள் என்னைக் கடந்து போய்க்கொண்டே இருக்கிறார்கள். ஐந்தாறு நொடியில் உயிர் வருகிறது, மறுபடி போகிறது.

பதிவுக் கோப்பைக் கோல்டன் சீட்டா என்ற அலசல் மென்பொருளில் திறந்து நொடி நொடியாகப் பார்த்தேன். 171, 169, 172, அடுத்து ஆறு பூஜ்யம், உடனே 174. இப்படி ஒரு மணி நேரத்தில் 214 நொடிகள் பூஜ்யம். சராசரி 158 வாட் என்று காட்டுகிறது. இன்னொன்று: இதயத் துடிப்பு முதல் பாதியில் 142, இரண்டாம் பாதியில் 156. உடம்பு தளர்வதால்தான் வாட் விழுகிறதோ என்ற பயமும் இருக்கிறது.

இணைய இணைப்புக் கோளாறு என்று மூன்று முறை புகார் செய்தேன். ஆள் வந்து கேபிளைப் பார்த்துவிட்டு, வேகம் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். ஞாயிறு காலையில் ஓட்டினால் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. என்னதான் நடக்கிறது?

கொருக்குப்பேட்டை ரயில் கேட்:

டிரெய்னரை விற்றுவிட்டு மெரினாவுக்கு வாருங்கள். விடியற்காலை ஐந்து மணிக்குச் சாலை காலியாக இருக்கும்.

திருவொற்றியூர் அலைவரிசை:

கேபிள்காரரை விட்டுவிடுங்கள், அவர்மேல் குற்றமில்லை. இணையம் அறுந்தால் சுற்றியிருப்பவர்கள்தான் மறைந்துபோவார்கள். உங்கள் ஆள் ஆளில்லாத சாலையில் தனியாக ஓடிக்கொண்டிருப்பான். உங்களுக்கு நடப்பது நேர்மாறு. டிரெய்னருக்கும் லேப்டாப்புக்கும் நடுவே இருக்கும் இரண்டு மீட்டரில்தான் சிக்கல்.

உடம்பும் காரணமில்லை. களைத்த கால் 172இலிருந்து ஒரே நொடியில் பூஜ்யத்துக்குப் போய், அடுத்த நொடியே 174க்கு ஏறாது. படிப்படியாகத்தான் இறங்கும். ஒரே சீராக ஓட்டினால் சராசரியும் நார்மலைஸ்டு பவரும் (ஏற்ற இறக்கத்துக்குக் கூடுதல் எடை தந்து போடும் சராசரி) ஏறக்குறைய ஒன்றாக இருக்கவேண்டும். உங்கள் கோப்பில் இரண்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள்.

எனக்கு மூன்று விவரங்கள் வேண்டும். சென்சார்கள் லேப்டாப்போடு பேசுவது ப்ளூடூத்திலா, ஆன்ட் பிளஸ் என்ற இன்னொரு கம்பியில்லா முறையிலா? வாட் போகும் அதே நொடியில் இதயத் துடிப்பும் போகிறதா? ஏழேகால் மணிக்கு உங்கள் வீட்டில் எது ஓடத் தொடங்குகிறது?

தண்டையார்பேட்டைக்காரன்:

ஆன்ட் பிளஸ். லேப்டாப்பின் பக்கவாட்டில் ஒரு டாங்கிள் (அலையை வாங்கும் சிறு யூஎஸ்பி துண்டு), டிரெய்னருக்கும் மார்புப் பட்டைக்கும் அது ஒன்றுதான். இப்போது பார்த்தால் இதயத் துடிப்பும் அதே நொடிகளில்தான் காணாமல் போகிறது. இதை நான் கவனிக்கவே இல்லை. நார்மலைஸ்டு பவர் 164, சராசரியைவிட ஆறு வாட் அதிகம்.

ஏழேகாலுக்கு என்ன ஓடுகிறது என்று யோசித்தேன். தம்பி கல்யாண வீடியோ எடுப்பவன். அவனுடைய ஹார்ட் டிஸ்க் எப்போதும் என் லேப்டாப்பில்தான் செருகியிருக்கும். தினமும் மாலை 7.15க்குத் தானாக நகலெடுக்கும்படி அவன் அமைத்துவைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அது கிடையாது. ஆனால் அதற்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம்?

திருவொற்றியூர் அலைவரிசை:

சம்பந்தமே அதுதான். டிஸ்க்கும் டாங்கிளும் பக்கத்துப் பக்கத்துத் துளைகளில், அதுவும் உட்புறம் நீலமாக இருக்கும் யூஎஸ்பி 3 துளைகளில் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். யூஎஸ்பி 3இல் தரவு வேகமாக ஓடும்போது அந்தத் துளையும் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சலைக் கக்கும். இன்டெல் நிறுவனமே 2012இல் இதை அளந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆன்ட் பிளஸ் பேசுவது 2457 மெகாஹெர்ட்ஸில். டிரெய்னர் நொடிக்கு நாலு முறை மெல்லிய குரலில் எண்ணைச் சொல்கிறது. காதோரத்தில் ஒருவர் மேளம் அடித்தால் டாங்கிளுக்கு எப்படிக் கேட்கும்? வாட்டும் துடிப்பும் சேர்ந்தே போவதால் கோளாறு டிரெய்னரிலும் இல்லை, பட்டையிலும் இல்லை. கேட்கிற காதில்தான்.

சும்மா நம்பவேண்டாம். ஆவணங்கள் கோப்புறையில் ஸ்விஃப்ட், அதற்குள் லாக்ஸ் என்று இருக்கும். அன்றைய கோப்பைத் திறந்து ‘ஆர்எக்ஸ் ஃபெயில்’ என்ற வரிகளைத் தேடுங்கள். ஒவ்வொரு வரியும் கேட்காமல் போன ஒரு செய்தி. ஸ்விஃப்டலைசர் தளத்தில் ஏற்றினால் வரைபடமாகவே காட்டும்.

மருந்து: ஒரு யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிள். டாங்கிளை லேப்டாப்பிலிருந்து பிரித்து டிரெய்னருக்கு அருகே, தரையில் கொண்டுபோய் வையுங்கள். வைஃபை ரவுட்டர் பத்தாம் சேனலில் இருந்தால் அதையும் ஒன்றுக்கு மாற்றிவிடுங்கள். பத்தாம் சேனலின் நடுப்புள்ளியும் அதே 2457தான்.

பெரம்பூர் பெரியவர்:

ரேடியோவைத் திருவொற்றியூர்த் தம்பி பார்த்துவிட்டார். நான் இதயத்தைப் பற்றிச் சொல்கிறேன், அது வேறு கதை. பூஜ்யங்களை நீக்கிவிட்டுக் கணக்கிட்டால் உங்கள் சராசரி 168 வாட். அந்த 168ஐ முதல் பாதியில் 142 துடிப்பிலும் இரண்டாம் பாதியில் 156 துடிப்பிலும் செய்திருக்கிறீர்கள். ஒரு துடிப்புக்கு இவ்வளவு வாட் என்று வகுத்துப் பார்த்தால் ஒன்பது சதவீதச் சரிவு. ஐந்துக்குள் நின்றால் நல்லது என்பது பயிற்சியாளர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு.

உடனே பயப்படாதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் வியர்வை வழிகிறதே தவிர ஆவியாவதில்லை. உடம்பு குளிரவேண்டி ரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது, ரத்தத்தின் நீரும் வியர்வையாகப் போய்விடுகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் கிடைக்கும் ரத்தம் குறைவதால் இதயம் கூடுதலாக அடிக்கிறது. விசிறி எங்கே இருக்கிறது? ஞாயிறு காலைக் கணக்கு என்ன?

இன்னொன்று, பத்து நிமிடம் ஓட்டி டிரெய்னர் சூடான பிறகு ஸ்பின் டவுன் (வேகமாகச் சுற்றவிட்டு, தானாக வேகம் குறையும் நேரத்தைக் கொண்டு வாட் அளவைத் திருத்துவது) செய்கிறீர்களா? இல்லையென்றால் அந்த 168ஐயே முழுதாக நம்ப முடியாது.

தண்டையார்பேட்டைக்காரன்:

மன்னிக்கவும், நான்கு நாள் ஆகிவிட்டது. பந்தயத்தில் திருவொற்றியூர் அண்ணன் ஜெயித்தார், இரண்டும் நீலத் துளைகள்தான். லாக் கோப்பில் 7.15க்கு முன் அந்த வரி அங்கொன்றும் இங்கொன்றும். அதன்பின் பக்கம் பக்கமாக அதேதான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பர்மா பஜாரில் இரண்டு மீட்டர் கேபிள் வாங்கினேன். டாங்கிளைக் கிராங்குக்குக் கீழே, வியர்வை விழாமல் ஒரு கவிழ்த்த டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். நேற்று டிஸ்க் நகலெடுக்கும்போதே ஓட்டினேன். ஒரு மணி நேரத்தில் இரண்டே நொடிதான் பூஜ்யம்.

பெரியவருக்கு: விசிறி இதுவரை முதுகுக்குப் பின்னால் இருந்தது, முன்னால் வைத்தால் திரை தெரியவில்லை என்று. ஞாயிறு காலை 141, 149, சரிவு 5.4. நேற்று மாலை விசிறியை நெஞ்சுக்கு நேரே வைத்ததில் 142, 151; சரிவு ஆறு. ஸ்பின் டவுன் வாங்கிய அன்று ஒரே ஒரு முறை செய்ததோடு சரி. ஆறு மாதக் கணக்கை என்ன செய்வது?

பெரம்பூர் பெரியவர்:

அழிக்கவேண்டாம், ஆனால் அதை வைத்து எஃப்டிபி (ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச வாட்) போடவும் வேண்டாம். இந்த வாரம் ஸ்பின் டவுன் செய்துவிட்டு, ஒரு காலை நேரத்தில் இருபது நிமிடச் சோதனையைப் புதிதாக ஓட்டுங்கள். அதில் 95 சதவீதம் எடுத்துக்கொள்ளலாம். அன்று மட்டும் தம்பியின் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள்.

தண்டையார்பேட்டைக்காரன்:

கழற்றியே விட்டேன். கல்யாண வீட்டார் ஆல்பம் கேட்டு அவனைத் துளைக்கிறார்களாம், அவன் என்னைத் துளைக்கிறான். சனிக்கிழமை சோதனை ஓட்டிவிட்டு எண்ணை இங்கே போடுகிறேன்.