வரலாற்று நாவலைத் தாண்டி: புனைவும் அபுனைவும் கலந்து படிக்க நூல்களைக் கண்டுபிடிப்பது எப்படி?

பொருநை வாசகி:

வணக்கம். கல்கி, சாண்டில்யன் என்று வரலாற்று நாவல்களாகவே படித்து வருகிறேன். இனிமேல் கதையும் கட்டுரையுமாகக் கலந்து படிக்க ஆசை. "கட்டாயம் படிக்க வேண்டிய 100 நூல்கள்" என்று தேடினால் எந்தப் பட்டியலைத் திறந்தாலும் அதே பெயர்கள். அதிலும் முக்கால்வாசி நாவல். கட்டுரை நூல் என்று தேடினாலோ தன்னம்பிக்கை நூல்களாக வந்து விழுகின்றன.

மாதத்துக்கு இரண்டு நூல் படிக்க நேரம் இருக்கும். வாங்க 500 ரூபாய்க்கு மேல் ஒதுக்க முடியாது. இருப்பது திருநெல்வேலியில், நடக்கிற தூரத்தில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. எங்கிருந்து தொடங்கலாம்? பழக்கமே இல்லாத துறையில் ஒரு நூலை நம்பலாமா கூடாதா என்று எப்படிப் பார்ப்பது? சட்டப்படி இலவசமாக என்னென்ன கிடைக்கும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வட்டெழுத்து:

பட்டியலை மூடி வைத்துவிட்டு, நீங்கள் படித்து முடித்த நாவலிலிருந்தே கிளம்புங்கள். கட்டுரை நூலுக்குப் போக அதைவிட நேரான வழி இல்லை. கதையில் எந்த இடத்தில் "இது நிஜமாக நடந்ததா?" என்று தோன்றியதோ, அதுதான் அடுத்த நூலுக்கான கேள்வி.

பொன்னியின் செல்வனையே எடுத்துக்கொள்வோம். ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலைக்கு ஆதாரம் காட்டுமன்னார்கோவில் அனந்தீசுவரர் கோயிலில் உள்ள உடையார்குடிக் கல்வெட்டு. ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரம்மாதிராஜன், பரமேஸ்வரனான இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன் என்று கொலைகாரர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவர்களுடைய சொத்துகளையும் உறவினர் சொத்துகளையும் பறித்ததைப் பேசுகிறது. நாவலில் வருகிற ரவிதாசன் இந்தக் கல்லிலிருந்து எழுந்து வந்தவன். இந்தக் கல்வெட்டை வைத்து வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி, ராஜராஜனுக்கு முன் ஆண்ட உத்தம சோழன்மேல் சந்தேகம் கொள்கிறார். குடவாயில் பாலசுப்ரமணியன் அதை மறுக்கிறார். ஒரே கல்லை இரண்டு அறிஞர்கள் இரண்டு விதமாகப் படிப்பதைப் பார்த்துவிட்டால், வரலாற்று நூல் என்றால் தேதிகளின் குவியல் என்ற எண்ணம் போய்விடும்.

சாஸ்திரியின் "சோழர்கள்" கே.வி. ராமன் மொழிபெயர்ப்பில் இரண்டு பாகங்களாக இருக்கிறது. வாங்க வேண்டாம், நூலகத்தில் எடுங்கள். முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்தால் ஐம்பது பக்கத்தில் அலுத்துவிடும். முதல் பராந்தகன் மறைவுக்கும் ராஜராஜன் முடிசூடியதற்கும் இடைப்பட்ட காலத்தைப் பேசும் பகுதியை மட்டும் முதலில் படியுங்கள். அடிக்குறிப்புகளைத் தாண்டிப் போகாதீர்கள். எந்த ஆய்வாளரின் பெயர் அங்கே திரும்பத் திரும்ப வருகிறதோ, அவருடைய நூல்தான் அடுத்து தேட வேண்டியது. இப்படி ஒன்று இன்னொன்றைக் காட்டிக்கொண்டே போகும், பட்டியலே தேவைப்படாது.

வரலாற்றை விட்டு வெளியே வர வேண்டுமானால், ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு அதை இரண்டு பக்கமிருந்தும் படிக்கலாம். உங்கள் பக்கத்து ஊரிலேயே உப்பு இருக்கிறது. ராஜம் கிருஷ்ணனின் "கரிப்பு மணிகள்" தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய நாவல். களத்துக்கே போய்ப் பார்த்துக் கேட்டு எழுதுவது அவர் வழக்கம். அளம், பாத்தி, வாருபலகை என்று அந்தத் தொழிலின் சொற்களெல்லாம் கதையோடு கதையாகப் பழகிவிடும். அதை முடித்த கையோடு ஆ. சிவசுப்பிரமணியனின் "உப்பிட்டவரை" நூலை எடுங்கள். தமிழ்ப் பண்பாட்டில் உப்பு என்ன இடத்தில் இருந்தது, வழக்காறு, நம்பிக்கை, வரி, விற்பனை என்று விரியும் ஆய்வு. நாவலில் காலில் வெடிப்பும் கண்ணில் எரிச்சலுமாகப் பார்த்த உப்பு, இங்கே அரசுகளின் வருமானமாக நிற்கும். வரிசையை மாற்றிப் படித்தால் இந்தப் பலன் பாதிகூடக் கிடைக்காது. பழக்கமில்லாத துறையில் நாவல் முன்னால் போவதுதான் நல்லது.

இதேபோல ப. சிங்காரத்தின் "புயலிலே ஒரு தோணி"க்குப் பக்கத்தில் வெ. சாமிநாத சர்மாவின் "பர்மா வழிநடைப் பயணம்". முன்னது இரண்டாம் உலகப் போர்க் காலத்துத் தென்கிழக்கு ஆசியத் தமிழர்களின் கதை; பின்னது அதே போரில் பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு நடந்தே வந்தவர் எழுதியது. சோ. தர்மனின் "சூல்" கண்மாயைப் பற்றிய நாவல். அதற்கு ஜோடியாக பழ. கோமதிநாயகத்தின் "தமிழகப் பாசன வரலாறு".

---

தவணைச்சீட்டு:

நூலகம் பக்கத்திலேயே இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் 500 ரூபாய் உங்களுக்குக் கவலையே இல்லை. ஆனால் நாவல் அடுக்குக்குள் மட்டும் சுற்றினால் வேறெதுவும் கண்ணில் படாது.

துறைக்கு ஓர் எண் கொடுக்கும் டூயி தசம முறையில் அடுக்கியிருக்கும் நூலகமென்றால் இந்த எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ் இலக்கியம் 894.811. அதற்குள் நாவல், சிறுகதை 894.8113; இலக்கியக் கட்டுரைகள் 894.8114. அங்கிருந்து விலகிப் போக, 398 நாட்டார் வழக்காறு, 598 பறவைகள், 641 உணவு, 791.43 சினிமா, 910 பயணம், 920 வாழ்க்கை வரலாறு. வேறு பகுப்பு முறை என்றால் உதவியாளரிடம் பொருளைச் சொல்லியே கேளுங்கள். "நல்ல புத்தகம் கொடுங்க" என்றால் கைக்கு எட்டுகிற நாவல்தான் வரும். "பறவைகளைப் பற்றித் தமிழில் என்ன இருக்கு?" என்றால் சரியான அடுக்கில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். பிடித்த நூல் ஒன்று அகப்பட்டால் அதற்கு இடமும் வலமும் ஐந்தைந்து நூல்களை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். அவையும் அதே பொருளைப் பற்றித்தான் இருக்கும். ஒரு பட்டியலிலும் வராத நல்ல நூல்கள் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். வாசகர்கள் திருப்பிக் கொடுத்து இன்னும் அடுக்காமல் மேசையில் கிடக்கும் நூல்களையும் பாருங்கள். எல்லாத் துறையும் கலந்து கிடக்கிற ஒரே இடம் அதுதான்.

நம்பலாமா என்பதற்குப் பத்து நிமிடம் போதும். முதலில் தலைப்புப் பக்கத்தின் பின்பக்கம்: முதற்பதிப்பு எந்த ஆண்டு, இது எத்தனையாவது பதிப்பு, திருத்திய பதிப்பா வெறும் மறு அச்சா. அறிவியல், மருத்துவம், சட்டம் என்றால் 15 வருடத்துக்கு முந்தைய நூலை யோசித்துத்தான் எடுக்க வேண்டும். நாட்டார் வழக்காறு, பயணம், தன்வரலாறு என்றால் பழையதாக இருப்பதே பலம். ஐஎஸ்பிஎன் எண் இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள், அது அடையாள எண் மட்டும்தான், தரச்சான்று இல்லை.

அடுத்து கடைசிப் பக்கங்கள். துணைநூற்பட்டியல் இருக்கிறதா, எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று காட்டும் சொல்லடைவு இருக்கிறதா? சொல்லடைவு இருந்தால் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை, உங்கள் ஊரையே, அதில் தேடி அந்தப் பக்கங்களை மட்டும் படியுங்கள். தெரிந்த இடத்திலேயே தப்பாக எழுதியிருக்கிறவர் தெரியாத இடத்தில் சரியாக எழுதியிருப்பார் என்று நம்ப முடியாது. சொல்லடைவு இல்லாவிட்டால் நடுவில் ஒரு அத்தியாயத்தைப் பிரித்து, "ஆய்வாளர்கள் கூறுகிறார்கள்", "விஞ்ஞானிகள் கண்டுபிடித்துள்ளனர்" என்று பெயரும் ஆண்டும் இல்லாத வாக்கியங்கள் எத்தனை வருகின்றன என்று பாருங்கள். இரண்டு பக்கத்தில் நாலைந்து வந்தால் அது இணையத்திலிருந்து வெட்டி ஒட்டிய நூலாக இருக்க வாய்ப்பு அதிகம். மூடி வைத்துவிடலாம்.

அச்சில் இல்லாத நூல் என்றால் சென்னை கன்னிமாரா நூலகம். 1896இல் திறந்தது, 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் நூல்களின் பிரதி அனுப்பப்பட வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. சென்னை போகும் நாளில் தேடும்படியாக, இங்கே கிடைக்காத தலைப்புகளை ஒரு தாளில் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

---

கங்கைக்கரை:

சாஸ்திரியின் "சோழர்கள்" தவிர, மேலே சொன்னவையெல்லாம் தமிழிலேயே எழுதிய நூல்கள். கலந்து படிப்பது என்றால் மொழிபெயர்ப்பும் அதில் சேர வேண்டும்.

சாகித்திய அகாதெமி விருது என்றதும் நாவல் என்று நினைத்துக்கொள்கிறோம். தமிழுக்கான முதல் விருது, 1955இல், ரா.பி. சேதுப்பிள்ளையின் "தமிழ் இன்பம்" என்ற கட்டுரை நூலுக்கு. 2024இல் ஆ.இரா. வேங்கடாசலபதியின் "திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908". உங்கள் மண்ணின் வரலாறு. அகாதெமி பட்டியலிலிருந்து ஒன்றே ஒன்று எடுப்பதானால் இதைத்தான் எடுக்கச் சொல்வேன். மொழிபெயர்ப்புக்கென்று தனி விருது 1989 முதல் இருக்கிறது. அதை யாரும் தேடுவதே இல்லை. குளச்சல் யூசுஃப் மலையாளத்திலிருந்து கொண்டுவந்த "திருடன் மணியன்பிள்ளை" அந்த விருது பெற்றது. ஒரு திருடனின் தன்வரலாறு, ஆனால் கையில் எடுத்தால் நாவலைப்போல் ஓடும். கட்டுரை நூல் என்றாலே தயங்குகிறவர்களுக்கு இப்படித் தன்வரலாற்றில் தொடங்குவது நல்ல வழி.

மொழிபெயர்ப்பு நூலில் ஒன்றை மட்டும் கட்டாயம் பாருங்கள்: மூல மொழியிலிருந்து நேரடியாக வந்ததா, ஆங்கிலம் வழியாகவா? தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தில் மூலத் தலைப்பும் மொழிபெயர்ப்பாளர் பெயரும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றால் நான் எடுக்க மாட்டேன். இந்திய மொழி நாவல் இரண்டு கை மாறி வரும்போது முதலில் அடிபடுவது உறவுமுறைச் சொற்கள். தாய்மாமனும் சித்தப்பாவும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகிவிடுவதால், திரும்பத் தமிழுக்கு வரும்போது யார் யாருக்கு என்ன முறை என்பதே குழம்பிப்போகும். வங்கத்திலிருந்து நேராக வந்ததற்கு நல்ல எடுத்துக்காட்டு, நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட, சு. கிருஷ்ணமூர்த்தி மொழிபெயர்த்த "நீலகண்டப் பறவையைத் தேடி" நாவல். பிரிவினைக்கு முந்தைய கிழக்கு வங்கக் கிராமத்தை இவ்வளவு பக்கத்தில் காட்டுகிற கட்டுரை நூல் தமிழில் இருப்பதாகத் தெரியவில்லை. பழைய நேஷனல் புக் டிரஸ்ட் பதிப்புகள் மாவட்ட நூலகங்களில் பெரும்பாலும் கிடைக்கும், தாள்தான் மஞ்சளாக இருக்கும்.

---

பொருநை வாசகி:

மூவருக்கும் ரொம்ப நன்றி. உப்பு ஜோடியிலிருந்து தொடங்கப் போகிறேன். நாவலையும் கட்டுரை நூலையும் ஒரே சமயத்தில் படிக்கலாமா, அல்லது ஒன்றை முடித்துவிட்டுத்தான் மற்றதா? இலவச நூல்களைப் பற்றியும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

---

மறுபதிப்பு:

இரண்டும் கனமான நூலாக இருந்தால் ஒரே சமயத்தில் வேண்டாம் அம்மா. 400 பக்க நாவலையும் 400 பக்க ஆய்வையும் சேர்த்துத் தொட்டால் ஆய்வு நூல்தான் பாதியில் நிற்கும். நாவல் பெரிதென்றால் கட்டுரை நூல் 150 பக்கத்துக்குள், தனித்தனிக் கட்டுரைகளாக இருக்கட்டும். தொ. பரமசிவனின் "அறியப்படாத தமிழகம்" போல. ஒவ்வொன்றும் சில பக்கங்களில் முடிந்துவிடும், எங்கே நிறுத்தினாலும் இழை அறாது. தொடர்ச்சியாக வாதம் வளர்க்கிற நூலை மட்டும் தனியாக வைத்துப் படியுங்கள். ஐந்து நாள் இடைவெளி விட்டால் முதல் அத்தியாயத்துக்கே திரும்பப் போக வேண்டியிருக்கும்.

இலவசத்துக்கு முதல் இடம் மதுரைத் திட்டம் என்ற இணையதளம். 1998 முதல் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து ஏற்றி வருகிறார்கள். ராஜம் கிருஷ்ணனின் நூல்கள் நாட்டுடைமை ஆனவை, அதாவது அரசு உரிமையை வாங்கி எல்லாருக்கும் பொதுவாக்கியவை, ஆகவே அவற்றை முதலில் அங்கே தேடிவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகத்தில் பழைய அச்சுப் பக்கங்களே படமாகக் கிடைக்கும். இலங்கை நூல்களுக்கும் சிற்றிதழ்களுக்கும் "நூலகம்" என்ற இணையதளம். அங்கே உள்ள பழைய பயணக் குறிப்புகளும் ஊர் வரலாறுகளும் வேறெங்கும் கிடைக்காதவை.

எது சட்டப்படி இலவசம் என்பதற்கு விதி எளிது. ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்தபின் 60 ஆண்டு உரிமை நீடிக்கும். 1964இல் இறந்தவர் என்றால் 2025 ஜனவரி 1 முதல் பொதுவுடைமை. அரசு நாட்டுடைமை ஆக்கிய ஆசிரியர்களுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. மொழிபெயர்ப்பாளருக்குத் தனி உரிமை உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டால்ஸ்டாய் மறைந்து நூறாண்டு ஆகிவிட்டது என்பதால் அவருடைய தமிழ் மொழிபெயர்ப்பு எல்லாம் இலவசமாகிவிடாது. வாட்ஸப்பில் சுற்றும் பிடிஎஃப்களில் இந்த வகைதான் நிறைய.

நாட்டுடைமை நூலை அச்சில் வாங்கும்போதுதான் ஏமாற இடம் அதிகம். யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்பதால் ஒரே நாவலுக்குப் பல பதிப்பு இருக்கும். "சுருக்கம்" என்ற சொல் அட்டையில் இல்லாமல் உள்ளே பொடி எழுத்தில் இருக்கலாம். விலையைப் பார்க்கும் முன் அத்தியாயங்களை எண்ணுங்கள். பொன்னியின் செல்வன் என்றால் ஐந்து பாகத்துக்கும் 57, 53, 46, 46, 91, மொத்தம் 293. இதில் குறைந்தால் வாங்காதீர்கள். மற்ற நூல்களுக்கு மதுரைத் திட்டத்தின் பிரதியைத் திறந்து அத்தியாய எண்ணிக்கையை ஒப்பிடலாம். அப்படியே நடுவில் ஒரு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ர, ற, ன, ண பிழை பக்கத்துக்கு நாலைந்து இருந்தால் மெய்ப்புப் பார்க்காத பதிப்பு.

கைபேசியில் படிப்பதானால், திரைக்கு ஏற்ப வரி மடங்கும் ஈபப் வடிவம் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே போய்விடும், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். அவ்வகை நூலைக் கணினியில் பார்ப்பதே கண்ணுக்கு நல்லது.

500 ரூபாயை மாதாமாதம் செலவழிக்காமல் புத்தகக் காட்சி வரைக்கும் சேர்த்து வையுங்கள். வழக்கமாக 10 சதவீதம் தள்ளுபடி இருக்கும். முதல் நாள் எதுவும் வாங்க வேண்டாம். அரங்குகளில் விலைப்பட்டியல் கேட்டால் கையில் கொடுப்பார்கள், பணம் கிடையாது. துறைவாரியாகப் பிரித்து அச்சிட்டிருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து, நூலகத்தில் இருப்பவற்றை அடித்துவிட்டு, மிச்சத்தில் குறித்துக்கொண்டு இரண்டாம் தடவை போங்கள்.