இசிஇ-யா, கம்ப்யூட்டர் சயின்ஸா? தங்கச்சிக்காகக் கேட்கிறேன்

மன்னை வயர்மேன்:
வணக்கம். தங்கச்சி ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கட்ஆஃப் 181.5. நான் ஐடிஐ முடித்துவிட்டு மன்னார்குடியில் வயரிங் வேலை பார்க்கிறேன், எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போகிற முதல் ஆள் அவள்தான், அதனால் கேட்க வேறு யாரும் இல்லை. சொந்தக்காரர்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் போடு என்கிறார்கள். அவளுக்கு எலக்ட்ரானிக்ஸ் மேல்தான் ஆசை, இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) கேட்கிறாள், புரோகிராம் எழுதவும் பிடிக்கும்.

போன மாதம் எரியாமல் போன எல்இடி பல்பு ஒன்றைக் குப்பையில் போடப் போனேன். வாங்கி மூடியைக் கழற்றியவள், உள்ளே இருந்த மஞ்சள் பொட்டுகளில் ஒன்றில் மட்டும் கடுகளவு கருப்புப் புள்ளி இருப்பதைக் காட்டி, எல்லாம் சீரியஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் இருக்கிறது, இது ஒன்று போனதால்தான் மொத்தமும் அணைந்துவிட்டது என்றாள். அந்தப் பொட்டின் இரண்டு முனையையும் ஈயம் வைத்துச் சேர்த்ததும் பல்பு எரிந்தது. அப்புறம் என்னைப் பார்த்து, "ஒண்ணு குறைஞ்சா மத்ததுக்கு கரண்ட் கூடணுமே, ஏன் எதுவும் கருகலை?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இப்படிப்பட்டவளை எதில் சேர்ப்பது? படித்து முடித்தால் வேலை கிடைக்குமா?

கோவை எம்பெடட்:
தம்பி, முதலில் தங்கச்சியின் கேள்விக்குப் பதில். பல்புக்குள் இருக்கும் டிரைவர் ஐசி (கரண்டைக் கட்டுப்படுத்தும் சிப்) கரண்டைத்தான் ஒரே அளவில் பிடித்து வைக்கும், ஒரு பொட்டு குறைந்தால் அதற்கேற்ற மாதிரி வோல்டேஜைத் தானே இறக்கிக்கொள்ளும். வெளியே போவதை அளந்து பார்த்து உள்ளே திருத்திக்கொள்கிற இந்த வேலைக்குப் பெயர் ஃபீட்பேக். இதற்கென்றே கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் என்று ஒரு முழுப் பாடம் இசிஇ-யில் இருக்கிறது. பிளஸ் டூ முடித்த கையோடு இதைக் கேட்கிற பெண்ணை வேறு எதிலும் சேர்க்க எனக்கு மனசு வராது.

ஆனால் கணக்குக்குத் தயாராக இருக்கச் சொல்லுங்கள். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் 2021 ஒழுங்குமுறையில் முதல் செமஸ்டரில் பைத்தான் என்ற புரோகிராம் மொழி, இரண்டாவதில் சர்க்யூட் அனாலிசிஸ் என்று ஓரளவு நிதானமாகப் போனது. மூன்றாவதில் சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ், எலக்ட்ரானிக் டிவைசஸ், டிஜிட்டல், கண்ட்ரோல், சி மொழி, அதோடு ஒரு கணக்குப் பேப்பர் எல்லாம் சேர்ந்து வந்து இறங்கின. இப்போதைய பாடத்திட்டத்தைக் கல்லூரியில் கேட்டுக்கொள்ளுங்கள். என் காலத்தில் பாடத்திட்டம் வேறு, ஆனால் எனக்கும் அதே மூன்றாவது செமஸ்டரில்தான் இரண்டு அரியர் விழுந்தது. சிக்னல்ஸ் பாடத்தில் வரும் ஃபூரியே கணக்கை மனப்பாடம் செய்து எழுதியதுதான் காரணம். என்பிடெல் என்ற இணையதளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் வகுப்புகள் இலவசமாகவே இருக்கின்றன, இந்த லீவிலேயே சர்க்யூட் பாடத்தைப் பார்க்க ஆரம்பிக்கட்டும்.

புரோகிராமும் பிடிக்கும் என்கிறீர்கள், அது வீண் போகாது. முதல் வேலையில் என்னிடம் ஒரு போர்டு வந்தது, விரலைப் பக்கத்தில் கொண்டுபோனாலே மோட்டார் தானாக ஓடும். புரோகிராமில்தான் தப்பு என்று இரண்டு நாள் வரி வரியாகத் தேடினேன். கடைசியில் பார்த்தால் சிப்பில் பட்டன் வருகிற பின்னில் (சிப்பின் காலில்) ஒரு ரெசிஸ்டர் விட்டுப்போயிருந்தது. பட்டனை அழுத்தாத நேரத்தில் அந்தப் பின் எதோடும் சேராமல் அந்தரத்தில் நிற்கிறது, கை பக்கத்தில் வந்தாலே பட்டனை அழுத்திவிட்டார்கள் என்று படித்துக்கொள்கிறது. 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை 5 வோல்ட் லைனிலிருந்து அந்தப் பின்னுக்குப் பற்றவைத்தேன், அதோடு சரியாகிவிட்டது. தினமும் எனக்கு இதுதான் வேலை, தப்பு புரோகிராமிலா சர்க்யூட்டிலா என்று இரண்டு பக்கமும் தேடுவது.

பழைய இசிஇ:
நான் வேறு மாதிரி சொல்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். நானும் ஆசைப்பட்டு இசிஇ படித்தேன், எங்கள் கல்லூரி கேம்பஸுக்கு வந்தவை எல்லாம் சாஃப்ட்வேர் கம்பெனிகள்தான், பதினோரு வருடமாக ஜாவா எழுதிக்கொண்டிருக்கிறேன். சிப் டிசைன் பக்கம் போன நண்பர்கள் பெரும்பாலும் கேட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக் முடித்து, அப்புறம் பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ போனவர்கள். நாலு வருடத்தில் சம்பளம் வந்தே ஆக வேண்டும் என்ற நிலைமை வீட்டில் இருந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் நேர்வழி. இன்னும் இரண்டு வருடம் அவளைப் படிக்க வைக்க முடியும் என்றால் அவள் விருப்பப்படியே விடுங்கள். இதை அவளிடம் உட்கார்ந்து வெளிப்படையாகப் பேசுங்கள், எனக்கு யாரும் அப்படிப் பேசவில்லை.

மூன்றாம் வருடம்:
அண்ணா, நான் இப்போது இசிஇ படிக்கிறேன், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவள். தங்கச்சி ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால் அவளுக்கும் அது உண்டு. 2021-லிருந்து இருக்கிறது, அதில் சீட் கிடைத்தால் டியூஷன் ஃபீஸ், ஹாஸ்டல் செலவு அரசே கட்டிவிடும். அரசுப் பள்ளியில் படித்ததற்கான சர்டிஃபிகேட்டைப் பள்ளியில் இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

அவளிடம் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். லேபில் நாலு பேருக்கு ஒரு டேபிள் கொடுப்பார்கள். கனெக்‌ஷன் கொடுப்பது ஒருவர், ரீடிங் எடுப்பது ஒருவர், மற்ற இரண்டு பேர் எழுதுவார்கள். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று முதல் வருடம் முழுக்க என்னையே எழுத வைத்துவிட்டார்கள், செமஸ்டர் பிராக்டிகலில் தனியாக நின்றபோது கை நடுங்கியது. அந்த லீவில்தான் சென்னைக்குப் போய் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவில் பிரெட்போர்டு (ஈயம் வைக்காமல் சர்க்யூட் போட்டுப் பார்க்கும் பலகை), கொஞ்சம் ரெசிஸ்டர், ஒரு மல்டிமீட்டர் எல்லாம் வாங்கி வீட்டில் போட்டுப் பார்த்தேன். பாதி சர்க்யூட்டுக்கு சப்ளையே வரவில்லை. நீளமான பிரெட்போர்டு சிலவற்றில் ஓரத்தில் ஓடும் சிவப்புக் கோடு நடுவில் விட்டுப்போயிருக்கும், அந்த இடத்தில் உள்ளேயும் இணைப்பு கிடையாது, ஒரு சின்ன வயரால் நாம்தான் சேர்க்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மத்தியானம் ஆனது. அவள் முதல் நாளிலிருந்தே வயரைத் தன் கையில் எடுக்கட்டும்.

லேப் வாத்தியார்:
கவுன்சிலிங்கில் கல்லூரி, பாடப்பிரிவு சாய்ஸ் எத்தனை வேண்டுமானாலும் கொடுக்கலாம் தம்பி, வரிசைதான் முக்கியம். போன வருடக் கட்ஆஃபைப் பார்த்துப் பயந்து பிடித்த கல்லூரியைக் கீழே தள்ளாதீர்கள், மேலே இருப்பது கிடைக்காவிட்டால் தானாக அடுத்ததற்குத்தான் போகும். முடிந்தால் நேரில் போய் லேபைப் பாருங்கள். சிக்னலைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் எத்தனை ஓடுகிறது, வகுப்பு முடிந்த பிறகு மாணவர்களை உள்ளே விடுகிறார்களா என்று அங்கே படிக்கிற பிள்ளைகளிடமே கேளுங்கள்.

மன்னை வயர்மேன்:
எல்லாருக்கும் நன்றி. ராத்திரி எல்லாவற்றையும் அவளிடம் வாசித்துக் காட்டினேன். ஆறு வருடம் ஆனாலும் பரவாயில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன், இசிஇ-தான் முதல் சாய்ஸ். கோவை அண்ணா, கரண்ட் எவ்வளவு போகிறது என்று அந்த ஐசிக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டு அதே பல்பை மறுபடியும் கழற்றிவிட்டாள். ஐசி பக்கத்தில் அரிசியில் பாதி அளவுக்கு ஒரு ரெசிஸ்டர் இருக்கிறது, மேலே 2ஆர்2 என்று எழுதியிருக்கிறது. இதுவா என்று கேட்கச் சொன்னாள்.

கோவை எம்பெடட்:
அதுவாகத்தான் இருக்கும், 2.2 ஓம். அதன் இரண்டு முனைக்கும் இடையில் வரும் வோல்டேஜை வைத்துத்தான் ஐசி கரண்டைக் கணக்குப் போடுகிறது. ஆனால் பல்பு ஹோல்டரில் இருக்கும்போது மீட்டர் வைத்துப் பார்க்க விடாதீர்கள், இந்த மாதிரி டிரைவர்களில் மெயின் லைன் நேராக உள்ளே வருகிறது, ஷாக் அடிக்கும்.