பேஜ்மேக்கர் 7 ஃபைல் இன்டிசைனில் ‘அப்படியே’ வருமா?

அச்சுக்கூடத்தான்: “பேஜ்மேக்கர் 7 ஃபைலை இன்டிசைனில் ஓப்பன் கொடுத்தால் அப்படியே வந்துவிடும், பழசைக் கட்டி அழுபவர்கள் சோம்பேறிகள்” என்று பிக்சல்பாண்டி நேற்று திருவாய் மலர்ந்திருக்கிறார். பேஜ்மேக்கர் அடோபியின் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள், இன்டிசைன் அதன் இடத்துக்கு வந்தது. எந்த இன்டிசைனில்? சிஎஸ்6 பதிப்பு வரைதான் பிஎம்டி, அதாவது பேஜ்மேக்கர் 7 ஃபைல், திறக்கும். அதன்பின் வந்த சிசி எதிலும் அந்த வசதி கிடையாது. சரி, சிஎஸ்6-லேயே திறந்தாயிற்று என்று வைப்போம். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த பழைய ஃபான்ட்டான பாமினியில் அடித்த ‘கடல்’ என்ன ஆகிறது?

பிக்சல்பாண்டி: கடல் கடலாத்தான் இருக்கும். ஃபான்ட் ஏத்தாம திறந்துட்டு இங்க வந்து ஒப்பாரி வைக்காதீங்க. சிஎஸ்6-ல திற, வேற வெர்ஷன்லயும் திறக்கற ஐடிஎம்எல் ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணு, புது வெர்ஷன்ல திற. மூணே ஸ்டெப்.

அச்சுக்கூடத்தான்: ஃபான்ட் ஏற்றினாலும்தான் ஐயா. பாமினியில் ‘க’ எஃப் விசை, ‘ட’ எல் விசை. இன்டிசைனில் லிகேச்சர், அதாவது ஒட்டெழுத்து வசதி, தானாகவே ஆன். எஃப்பும் எல்லும் அடுத்தடுத்து வந்தால் ஆங்கில ஒட்டெழுத்து என்று நினைத்து இரண்டையும் தூக்கிவிட்டு அந்த ஒட்டெழுத்து இடத்தில் இருக்கும் உருவத்தைப் போடும். உங்கள் ஃபான்ட்டில் அங்கே என்ன குப்பை கிடக்கிறதோ அதுதான் ‘கட’. ‘கலை’யும் அப்படித்தான்: எஃப், ஐ, ஒய். பேஜ்மேக்கர் இந்த வேலையெல்லாம் செய்யாது. இதுவா அப்படியே?

பிக்சல்பாண்டி: பாரா ஸ்டைல், பேசிக் கேரக்டர் ஃபார்மேட்ஸ், லிகேச்சர் டிக்கை எடு. முடிஞ்சது. இதுக்கு இவ்ளோ பெரிய கட்டுரை!

அச்சுக்கூடத்தான்: டிக்கை எடுக்க வேண்டியிருந்தால் அது ‘அப்படியே’ இல்லை.

மதுரைக்காரன்: அண்ணே, அதவிட பெரிய தலைவலி போல்டு. பேஜ்மேக்கர்ல கன்ட்ரோல் ஷிப்ட் பி அடிச்சா விண்டோஸ் சும்மா தடிமனாக்கிக் காட்டும். இன்டிசைன் நிஜ போல்டு ஃபான்ட்டைத் தேடும். நம்ம பழைய தமிழ் ஃபான்ட் பாதிக்கு போல்டே கிடையாது. தலைப்பெல்லாம் ஃபான்ட் இல்லன்னு பிங்க் அடிச்சு நிக்கும். ஃபைண்ட் ஃபான்ட்ல போய் ரெகுலராக்கிட்டு 0.25 பாயிண்ட் ஸ்ட்ரோக் போட்டாத்தான் உண்டு.

ஒருங்குறிதாசன்: இன்னுமா பாமினி? யூனிகோடுக்கு மாற்றி, இன்டிசைனில் தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாக அடுக்கும் வேர்ல்டு ரெடி கம்போசரில் போட்டால் இத்தனை கூத்தும் இல்லை. சிஎஸ்6-லிருந்து தமிழுக்கு வேலை செய்கிறது.

மதுரைக்காரன்: சிஎஸ்4-லயே அந்த கம்போசர் உள்ள இருந்துச்சு. மெனுவுலதான் காட்டல, ஸ்கிரிப்ட் போட்டா வரும். தெரியாம பேசாதீங்க.

ஒருங்குறிதாசன்: மெனுவில் இல்லாததை இருந்தது என்பீர்களா? நல்லது. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்த புத்தகங்களையும் அந்தக் கணக்கில் சேருங்கள்.

அச்சுக்கூடத்தான்: யூனிகோடு சண்டையை வேறு எங்காவது வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி ‘அப்படியே’ வருமா என்பது. இன்னொன்றும் கேளுங்கள். பேஜ்மேக்கர் வரி வரியாக உடைக்கும். இன்டிசைனின் பாராகிராஃப் கம்போசர் பத்தி முழுவதையும் பார்த்து உடைக்கும். ஒரு வரி கூடினால் போதும், 200 பக்கப் புத்தகத்தில் பொருளடக்கமே பொய்யாகிவிடும். சிங்கிள் லைன் கம்போசருக்கு மாற்ற வேண்டும். ஜஸ்டிஃபிகேஷனில் சொல் இடைவெளிக்கு நிற்பது பழைய எண்ணா, இன்டிசைனின் 80-100-133ஆ என்று பார்க்க வேண்டும். ஹைஃபனேஷனை அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆங்கில அகராதி வைத்துத் தமிழ்ச் சொல்லின் நடுவில் கோடு போடும். ‘கடல்’ வேறு.

பிக்சல்பாண்டி: கடல் கடல்னு எத்தனை தடவை சார்? நான் சொன்னது திறக்கும்னு. திறக்குதா இல்லையா?

அச்சுக்கூடத்தான்: நீங்கள் சொன்னது “அப்படியே வந்துவிடும்”. மேலே இருக்கிறது, படியுங்கள். டைப் 1 என்ற பழைய வகைத் தமிழ் ஃபான்ட்டில் செய்த ஃபைல் என்றால் உங்கள் மூன்றாவது ஸ்டெப்பும் காலி. 2023 முதல் இன்டிசைன் டைப் 1 எடுப்பதில்லை.

பிக்சல்பாண்டி: டைப் 1 பேச்சை எடுத்தது யாரு? தோத்தா உடனே கோல்போஸ்ட்டைத் தூக்கிட்டு ஓடறது. போன மாசம் கோரல்டிரா விஷயத்துலயும் இதேதான்.

மதுரைக்காரன்: கோரல்ல இவர் சொன்னதுதான் அண்ணே சரி. புது ஃபைல வெர்ஷன் இறக்கி சேவ் பண்ணாம பழைய கோரல் 12-ல திறக்காது.

பிக்சல்பாண்டி: வந்துட்டாருய்யா வக்கீலு.

புதுஆள்: சார், எங்கிட்ட இருக்கிறது பி65 ஃபைல். அதுவும் சிஎஸ்6-ல வருமா?

அச்சுக்கூடத்தான்: அது பேஜ்மேக்கர் 6.5 ஃபைல், வரும். முதலில் பேஜ்மேக்கரிலேயே சேவ் ஆஸ் கொடுங்கள், சும்மா சேவ் செய்தால் பழைய குப்பையும் ஃபைலுக்குள்ளேயே கிடக்கும். திறந்ததும் ‘கடல்’ என்று தேடிப் பாருங்கள்.

பிக்சல்பாண்டி: திறக்கும்னு ஒத்துக்கிட்டாரு பாருங்க!

அச்சுக்கூடத்தான்: அப்படியே திறக்கும் என்று சொன்னேனா?