இரத்த அணுவின் வகையை டி.என்.ஏ. இழைகளே கண்டறியுமா?

கீழக்கரை லேப்:
இராமநாதபுரத்தில் ஓர் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். எங்கள் செல் கவுண்டர் (இரத்த அணுக்களை எண்ணும் கருவி) லிம்போசைட் என்னும் வெள்ளையணு வகைக்கு ஒரே எண்ணைத்தான் தருகிறது. அவற்றுள் பி செல் எத்தனை, டி செல் எத்தனை என்று மருத்துவர் கேட்டால், மாதிரியை மதுரைக்கு அனுப்ப வேண்டியுள்ளது. டி.என்.ஏ. இழைகள் செல்லின் மேற்பரப்பிலேயே கணக்கிட்டு வகையைச் சொல்லிவிடும் என்று படித்தேன். அது எப்படி நடக்கிறது? எங்களுக்குப் பயன்படுமா?

பாம்பன் உயிரியலர்:
கணக்கு என்பது இங்கே ‘இதுவும் அதுவும் இருந்தால்’ என்னும் தருக்கம்தான். செல்லின் மேற்பரப்பில் உள்ள அடையாளப் புரதங்களைச் ‘சிடி’ என்று எண்ணிட்டுக் குறிப்பார்கள். சிடி45 வெள்ளையணுக்கள் அனைத்திலும் உண்டு. சிடி20 பி செல்லுக்குரியது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மிலான் ஸ்டோயனோவிச்சும் உடன் ஆய்வாளர்களும் 2013-இல் நேச்சர் நானோடெக்னாலஜி இதழில் வெளியிட்ட முறையில், இவற்றைப் பற்றும் ஆன்டிபாடி என்னும் புரதம் ஒவ்வொன்றிலும் டி.என்.ஏ.வின் ஓர் இரட்டை இழை பிணைக்கப்பட்டிருக்கும். அதன் ஓரத்தில் சில எழுத்து நீளத்துக்குத் துணையற்ற நுனி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். நாம் சேர்க்கும் தொடக்க இழை சிடி45 மீதுள்ள நுனியில் ஒட்டி, பழைய துணையைத் தள்ளிவிட்டு அதன் இடத்தைப் பிடிக்கிறது. அப்படி விடுபட்ட இழை அருகிலுள்ள சிடி20-இன் நுனியில் ஒட்டி அதே வேலையைச் செய்ய, ஒளிரும் குறியீடு பி செல்லில் மட்டும் தங்குகிறது. டி செல்லில் விடுபட்ட இழைக்குப் பற்ற இடமில்லாததால் அது கரைசலில் கலந்துவிடும். வேண்டாத அடையாளத்தின் மீது தொடரைத் திசைதிருப்பும் இழையை வைத்து, ‘இல்லை’ என்னும் நிபந்தனையையும் அமைக்கலாம்.

கீழக்கரை லேப்:
நன்றி ஐயா. கரைசலில் கலந்த இழை பக்கத்துச் செல்லில் போய் ஒட்டிக்கொள்ளாதா?

பாம்பன் உயிரியலர்:
ஒட்டலாம், இம்முறையின் உண்மையான சிரமமே அதுதான். ஒரே செல்லின் மேல் இடைவெளி மிகக் குறைவு என்பதால் அங்கே வினை விரைவாக நடக்கும். கரைசலில் செல்களின் செறிவு குறைவாக இருந்தால் அடுத்த செல்லைச் சென்றடையும் வாய்ப்பும் குறையும்.

தங்கச்சிமடம் நோயியல்:
தங்கள் தேவைக்கு இது மிகை என்பதே என் கருத்து. டி செல்லுக்குச் சிடி3, பி செல்லுக்குச் சிடி19 என்று தனி அடையாளங்கள் இருக்கும்போது தருக்கமே தேவையில்லை. சிடி8, சிடி45ஆர்ஏ இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பிரியும் உட்பிரிவுகளில்தான் இது பொருளுள்ளது. பல ஒளிர் நிறங்களுக்குப் பதில் ஒரே நிறம் போதுமானதாகிவிடும். ஆனால் ஆன்டிபாடியும் வேண்டும், ஒளிர்வைப் படிக்கும் கருவியும் வேண்டும். ஆகவே மதுரைக்கு அனுப்பும் செலவு இதனால் மிச்சமாகாது.

மண்டபம் மாணவி:
மன்னார் வளைகுடாவில் பெருகும் நாக்டிலூக்கா என்னும் ஒற்றைச் செல் கடலுயிரியை இப்படி அடையாளம் காணலாமா?

பாம்பன் உயிரியலர்:
வேண்டாம் அம்மா. அது ஒரு மில்லிமீட்டர் வரையிலும் வளரும். சாதாரண நுண்ணோக்கியில் ஒரு துளி கடல்நீரை வைத்தாலே தெரிந்துவிடும்.