இங்கிலாந்தில் டைல்ஸ் ஷவர்: குளித்து முடித்ததும் இரண்டு நிமிட வேலை

லண்டன், கென்ட், எஸ்ஸெக்ஸ் பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கிறீர்களா? வீட்டில் குளியல் தொட்டிக்குப் பதிலாக, தரையும் சுவரும் டைல்ஸ் போட்டு ஒரு பக்கம் கண்ணாடி மட்டும் நிறுத்திய ஷவர் இருந்தால் இதைப் படித்துவிடுங்கள். ஊரில் குளித்துவிட்டு அப்படியே வந்துவிடுவோம். வெயிலும் வென்டிலேட்டர் காற்றும் தரையைக் காயவைத்துவிடும். இங்கே நவம்பர் மாதத்தில் காலையில் நனைந்த சுவர் சாயங்காலம்கூட ஈரமாகவே இருக்கும். கறை, கறுப்புப் பூஞ்சை, நாற்றம் என்று பின்னால் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த ஈரத்திலிருந்து தொடங்குகின்றன.

தண்ணீரும் ஒரு காரணம். தென்கிழக்கு இங்கிலாந்தின் தண்ணீர் சுண்ணாம்புப் பாறை நிலத்தின் வழியே வருவதால் கடின நீர். சென்னையில் போர் தண்ணீர் பிடித்துவைக்கும் பக்கெட்டில் வெள்ளையாகப் படியுமே, அதேதான் இங்கே ஷவர் கண்ணாடியிலும் குழாயிலும் படிகிறது. சோப்போடு சேர்ந்தால் அது பிசுக்காகி டைல்ஸ் மேல் ஒட்டிக்கொள்ளும். கிளாஸ்கோ, மான்செஸ்டர் பக்கம் இருப்பவர்களுக்கு ஏரித் தண்ணீர், மென்னீர். அவர்கள் பூஞ்சையைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால் போதும்.

ஆகவே முதலில் ஒரு சின்ன ரப்பர் வைப்பர் வாங்கி ஷவருக்குள்ளேயே மாட்டிவிடுங்கள். கடைசியாகக் குளிப்பவர் கண்ணாடி, சுவர், தரை என்று மேலிருந்து கீழாகத் தண்ணீரை வழித்துவிட வேண்டும். இரண்டு நிமிடம் ஆகும். நான் சொல்வதில் இந்த ஒன்றை மட்டும் செய்தாலும் வாரக் கடைசியில் தேய்க்கும் வேலை பாதியாகிவிடும்.

அடுத்தது எக்ஸாஸ்ட் ஃபேன். பல வீடுகளில் குளியலறைக் கதவுக்கு மேலே, வெளிப்பக்கம், இதற்கென்று தனி சுவிட்ச் ஒன்று இருக்கும். சத்தம் பிடிக்காமல் முன்பு குடியிருந்தவர் அதை அணைத்துவிட்டுப் போயிருக்கலாம், பாருங்கள். ஃபேன் ஓடும்போது ஒரு டிஷ்யூ தாளை அதன் முன்னால் பிடியுங்கள். தாள் ஒட்டிக்கொண்டால் காற்றை இழுக்கிறது, விழுந்துவிட்டால் தூசி அடைத்திருக்கலாம். குளித்த பிறகும் குறைந்தது கால் மணி நேரம் ஓடட்டும். அந்த நேரம் கதவைச் சாத்தி வையுங்கள், இல்லாவிட்டால் ஆவி படுக்கையறைச் சுவருக்குப் போய்ச் சேரும்.

வாரம் ஒருமுறை பாத்திரம் தேய்க்கும் லிக்விடும் மென்மையான பிரஷ்ஷும் போதும். வெள்ளைப் படிவுக்கு வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து தடவி, பத்து நிமிடம் விட்டுத் தேய்த்து, நன்றாகக் கழுவிவிடுங்கள். ஷவர் தலையை அதே கரைசல் ஊற்றிய பிளாஸ்டிக் பையில் முங்கவைத்து ஒரு மணி நேரம் கட்டிவைத்தால் அடைத்த துளைகள் திறந்துகொள்ளும். ஆனால் டைல்ஸ் மார்பிளோ சுண்ணாம்புக் கல்லோ என்றால் வினிகர் வேண்டவே வேண்டாம், பளபளப்பு போய்விடும். ஊரில் செய்வதுபோல ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். டைல்ஸ் இடுக்கில் இருக்கும் கிரவுட் பெரும்பாலும் சிமென்ட். ஆசிட் அதை அரித்துவிடும்.

தயவுசெய்து இதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லுங்கள்: வினிகரையோ வேறு எந்த அமிலத்தையோ ப்ளீச்சோடு சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். சிறிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. கறுப்புப் பூஞ்சைக்கு விற்கும் ஸ்ப்ரேக்கள் பலவற்றில் இருப்பது ப்ளீச்தான். அதனால் படிவுக்கு ஒரு நாள், பூஞ்சைக்கு வேறொரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்க் குளியலை விட வேண்டியதில்லை. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், இங்கே குளிர்காலத்தில் கழிவுநீர்க் குழாய் அதைவிடக் குளிர்ந்து கிடக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். எண்ணெயும் முடியும் சீயக்காய்த் தூளும் சேர்ந்தால் அடைப்புதான். அதிக எண்ணெயைப் பழைய துணியால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் குளியுங்கள், வடிகால் மூடியில் முடி பிடிக்கும் வலை போடுங்கள். தரையை உடனே லிக்விட் போட்டுத் தேயுங்கள், அடுத்து வருபவர் வழுக்கி விழக் கூடாது. மஞ்சள் பூசினால் கிரவுட்டை அப்போதே கழுவிவிடுங்கள். மஞ்சள் கறை வெயில் பட்டால் வெளுக்கும், ஆனால் ஜன்னல் இல்லாத குளியலறைக்கு வெயில் எங்கிருந்து வரும்? பக்கெட்டும் கப்பும் வைத்துக் குளிப்பவர்கள் கண்ணாடிக்கு உள்ளேயே இருந்து ஊற்றிக்கொள்ளுங்கள். வெளித்தரையில் பெரும்பாலும் வடிகால் இருக்காது. அங்கே தேங்கும் தண்ணீர் கீழ்வீட்டு மேற்கூரையில் இறங்கும்.

சுவர் மூலைகளில் தண்ணீர் புகாமல் பூசியிருக்கும் ரப்பர் போன்ற சிலிக்கோன் உள்ளேயே கறுத்துவிட்டால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது, மாற்றத்தான் வேண்டும். சொந்த வீடென்றால் பழையதை முழுக்கச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, பூஞ்சை பிடிக்காத சிலிக்கோன் போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாடகை வீட்டில் நீங்களாகக் கை வைக்காதீர்கள். கிரவுட் விரிசலோ சிலிக்கோன் பிரிவதோ கண்ணில் பட்ட அன்றே படம் எடுத்து வீட்டுக்காரருக்கோ ஏஜென்ட்டுக்கோ மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் சொன்னதற்குச் சாட்சி இருக்காது.

குடிவரும் நாளிலேயே ஷவரின் ஒவ்வொரு மூலையையும் படம் எடுத்து வையுங்கள். இங்கிலாந்தில் 2019-இல் வந்த வாடகைக் கட்டணச் சட்டப்படி, காலி செய்யும்போது காசு கொடுத்துத் துப்புரவு ஆளைத்தான் வைக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் வந்தபோது இருந்த அளவு சுத்தமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். டெபாசிட்டில் பிடித்தம் என்று பேச்சு வந்தால் அந்தப் படங்கள்தான் கைகொடுக்கும்.

கடைசியாக, ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்துத் திரும்பினால் உடனே ஷவருக்குள் போகாதீர்கள். குழாயில் தேங்கிய தண்ணீரில் லெஜியோனெல்லா கிருமி வளரலாம், அது நீர்த்துளியோடு நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரலாம். ஷவர் தலையைத் தரையோடு தாழ்த்திப் பிடித்து, சாரல் கிளம்பாமல், சில நிமிடங்கள் சுடுதண்ணீரும் பிறகு பச்சைத் தண்ணீரும் ஓடவிட்ட பிறகு குளியுங்கள்.