கயிறும் சங்கிலியும் கட்டிய மரங்கள்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

கிணற்றுமேடு:
தூர்வாருவதற்காக எங்கள் கிணற்று மோட்டாரை மேலே ஏற்றிய நாள் மனத்தைவிட்டு அகலவில்லை. மேட்டிலிருந்த வேம்பின் அடிமரத்தில் இரும்புச் சங்கிலியைச் சுற்றி, அதில் கப்பியை மாட்டி, கயிற்றின் மறுமுனையை டிராக்டரில் கட்டியிருந்தார்கள். ஐப்பசி மழை ஓய்ந்திருந்த நேரம். மோட்டார் பாறையில் சிக்கியதும் ஓட்டுநர் வெடுக்கென்று இழுக்க, சங்கிலி மரத்தைச் சுற்றி வழுக்கியது. அது போன வழியெல்லாம் பட்டை, வேகவைத்த கிழங்கின் தோலைப் போல உரிந்து வந்துவிட்டது. உள்ளே ஈரம் மின்னிய வெண்மரத்தை நான் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர்கள் மோட்டாரைச் சுற்றி நின்றிருந்தார்கள். ஒரு சாண் அகலப் பட்டைதான் இப்போது மேலையும் கீழையும் இணைக்கிறது. இலை பசுமையாக இருக்கிறதே, மரத்துக்கு ஒன்றுமில்லை என்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

டெல்டாவாசி:
2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த எங்கள் குளக்கரை அரசமரத்தை நிமிர்த்தக் கிரேன் வந்தது. கம்பிவடத்தை நேராக மரத்தில் மாட்டப் போனபோது, ஊர்ப் பெரியவர் ஒருவர் சாய்ந்து கிடந்த மரத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்து, சாக்கும் பலகையும் வராமல் இறங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். கிரேன் வாடகை ஏறிக்கொண்டிருந்ததால் அவரைத் திட்டாதவர்கள் இல்லை, அவர் அசையவில்லை. அந்த மரம் பிழைத்துத் துளிர்த்தது. கிணற்றுமேடு ஐயா, ஒரு சாக்கை மடித்து வைத்திருந்தால் உங்கள் வேம்புக்கும் இந்தக் கதி வந்திருக்காது.

முல்லைக்கொடி:
டெல்டாவாசி ஐயா சொல்வதை ஏற்க இயலவில்லை. பந்தலுக்காக எங்கள் வாசல் புங்கமரத்தில் சாக்கு வைத்துத்தான் கம்பி கட்டினார்கள்; சாக்கோடு சேர்ந்து பட்டையும் நசுங்கியது. சாக்கு உராய்வைக் குறைக்கும், அழுத்தத்தைப் பரப்பாது. கைக்கட்டை அளவுள்ள மரச்சட்டங்களை அடிமரத்தைச் சுற்றி நெடுக்குவாட்டில் நெருக்கமாக நிறுத்தி, அவற்றின் மேல் அகலமான நைலான் பெல்ட்டைச் சுற்ற வேண்டும். ஓடும் கயிறு மரத்தைத் தொடவே கூடாது. அது கப்பியில்தான் ஓட வேண்டும். கிளையில் கப்பி கட்டி 150 கிலோவைக் கீழிருந்து இழுத்துத் தூக்கினால், கிளையின் மேல் விழுவது 300 கிலோவுக்குக் குறையாது என்பதையும், வெடுக்கென்று இழுத்தால் அது இன்னும் கூடும் என்பதையும் வேலைக்கு வருபவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். முருங்கை போன்ற முறியும் மரங்களை நினைத்தும் பார்க்க வேண்டாம். துளிர்க்கும் பருவத்திலும் நல்ல மழைக்குப் பின்னும் பட்டை எளிதில் கழன்றுவிடும் என்பதால் அவசரமில்லாத வேலையைத் தள்ளிப்போடலாம்.

கிணற்றுமேடு ஐயா, நீங்கள் அஞ்சுவது சரியே. வேரிலிருந்து நீர் உள்மரத்தின் வழியாக ஏறுவதால் இலை பசுமையாக இருக்கும். இலை சமைத்த உணவு உள்பட்டையின் வழியாகவே இறங்குவதால், வேர் தன் சேமிப்பைத் தின்று தீர்த்த பிறகுதான் வாட்டம் வெளியே தெரியும். மிஞ்சிய அந்த ஒரு சாண் பட்டைதான் உங்கள் மரத்தின் உயிர். இனி அதன் மேல் எதுவும் உரசக் கூடாது. காயத்தில் தார் பூசச் சொல்வார்கள், பூச வேண்டாம். ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து ஆராய்ந்த அமெரிக்க வனத்துறை அறிவியலாளர் அலெக்ஸ் ஷிகோ, இத்தகைய பூச்சுகள் உளுத்தலைத் தடுப்பதில்லை என்றே கண்டார்.

தோப்புக்காரன்:
சகோதரி சொல்லும் உள்பட்டைக் கணக்கு தென்னைக்கும் பனைக்கும் பொருந்தாது. அவற்றின் நீர்க்குழாய்களும் உணவுக்குழாய்களும் தண்டு முழுவதும் சிதறிக் கிடப்பதால், சுற்றிலும் உரசினாலும் வேர் உடனே பட்டினி கிடப்பதில்லை. ஆனால் அந்தக் காயம் ஒருநாளும் மூடாது. பக்கத்துத் தோப்பில் லாரியை மேடேற்ற இளந்தென்னையில் கம்பிவடம் கட்டி இழுத்தார்கள். பிற்பாடு அந்தத் தழும்பிலிருந்து பழுப்பு நீர் வடிந்தது. காதை வைத்துக் கேட்டபோது உள்ளே புழுக்கள் கறகறவென்று மெல்லும் ஓசை தெளிவாகக் கேட்டது. காயத்தின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு தேடி வந்து முட்டையிடும். ஆகவே தென்னையில் கட்டாதீர்கள். வண்டியை இழுக்கத் தரையில் கடப்பாரைகளை வரிசையாக அறைந்து, ஒன்றோடொன்றைப் பிணைத்து, அதில் வடத்தைக் கட்டலாம்.